மைக்கை யாரிடமிருந்து பூட்டுகிறீர்கள்?

போலீஸ் மைக்கில் பேசுவதைப் பொதுமக்கள் கேட்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கூடவே கூடாது. திருடன் கேட்டால் தப்பிவிடுவான், தீவிரவாதி கேட்டால் நாசம் செய்வான், ஊரார் கேட்டால் பீதி பரவும். தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி சொல்வதும் இதுதான், டீக்கடையில் செய்தித்தாள் படிப்பவர் சொல்வதும் இதுதான். காவல்துறையின் வயர்லெஸ் டிஜிட்டலுக்கு மாறுகிறது என்றதும், இனி ஒரு சொல்கூட வெளியே கசியாது என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

அந்த நிம்மதி தவறானது. மாநிலம் முழுவதற்குமான அவசரகால வயர்லெஸ்ஸை ஒட்டுமொத்தமாகப் பூட்டி வைப்பதால் மக்களுக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை, குறைகிறது. பூட்ட வேண்டியது அதில் ஒரு பகுதியை மட்டும்தான். மீதியைக் கேட்கும் உரிமை மக்களுக்கு வேண்டும்.

பனமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில் நிற்கும் குன்றும், அதன் காலடியில் விரிந்து கிடக்கும் ஏரியும்தான் எங்கள் ஊர். மழைக்காலத்தில் ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது, கோடி போகிறதா, மேலே எந்த ஏரி உடையும் நிலையில் இருக்கிறது என்பதே இங்கே முதல் பேச்சு. தண்ணீர் வரும் முன் தகவல் வர வேண்டும் என்பதைச் செஞ்சி, விக்கிரவாண்டி வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. மறுநாள் மழை மேற்கே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் போனது, தென்பெண்ணை பெருகியது. 119 அடி நீர்மட்ட உயரம் கொண்ட சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஊர் உறங்கும் நேரம் அது. விடிந்தபோது விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோரக் கிராமங்கள் நீருக்குள் இருந்தன. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியதால் தென்மாவட்ட ரயில்கள் நின்றன. மறுநாள் இருவேல்பட்டில் அமைச்சர் மீதே சேறு வீசும் அளவுக்கு மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்த வாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எச்சரிக்காமல் அணையைத் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. இரண்டில் எது உண்மை என்ற சண்டையிலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். அரசு சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஐந்து முறையும் எச்சரிக்கை போயிருக்கட்டும். அது யாருக்குப் போனது? பொறியாளர் ஆட்சியருக்குச் சொல்ல, ஆட்சியர் வட்டாட்சியருக்குச் சொல்ல, அவர் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்ல, கடைசியில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்கு வர வேண்டும். சாலையே மூழ்கிய இரவில் எந்த ஆட்டோ வரும்? தண்டோரா போடும் வழக்கத்தை அரசு 2022இல் நிறுத்தியது சரியான முடிவுதான், அதில் சாதி இழிவு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கடைசிக் கிராமத்துக்குச் செய்தி போய்ச் சேரும் வேறு வழி எதையும் அந்த இடத்தில் நாம் வைக்கவில்லை.

அணைக்கும் ஆற்றோர ஊர்களுக்கும் இடையில் சில மணி நேர ஓட்டம் இருக்கிறது. அந்தச் சில மணி நேரத்தில் அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எந்தத் தரைப்பாலம் மூழ்கியது, எந்தச் சாலை துண்டானது, எந்த ஊருக்குப் படகு வேண்டும் என்ற பேச்சு காற்றிலே போய்க்கொண்டுதான் இருந்தது. ஊருக்கு ஒருவர் அதைக் கேட்டிருந்தால் போதும். பால் சொசைட்டிக்காரரோ, ஊராட்சிச் செயலரோ, வயர்லெஸ்ஸில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவரோ ஒருவர் காது கொடுத்திருந்தால் ஊரே எழுந்து மேட்டுக்குப் போயிருக்கும். எல்லோருமா கேட்கப் போகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். எல்லோரும் கேட்கத் தேவையில்லை. ஒருவர் கேட்டால் நூறு பேர் பிழைப்பார்கள்.

சாத்தனூர் வெள்ளத்துக்குச் சரியாக 9 ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டு சென்னையில் அடையாற்றங்கரை மூழ்கியதும் இதே கதைதான். அதை மனிதர்களால் உண்டான பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே சொன்னது. அந்த இரவில் மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் செத்தன. இரண்டு பேரிடர்களுக்கு இடையில் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அரசுக்குத் தெரிந்ததை மக்களுக்குத் தெரிய வைப்பதில் மட்டும் ஓர் அங்குலமும் நகரவில்லை.

இப்போது செல்போனுக்கே எச்சரிக்கை வந்துவிடுகிறதே என்பார்கள். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டுச் செல்போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறியது அந்தச் சோதனைக்காகத்தான். நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கோபுரம் உயிரோடு இருக்கும் வரைதான் வேலை செய்யும். அதோடு, ஓர் அதிகாரி இது சொல்லத்தக்கது என்று முடிவெடுத்து, வாசகத்தை எழுதி, அனுமதி வாங்கி அனுப்பிய பிறகே அது வரும். மாவட்டம் முழுவதற்கும் கனமழை என்று அது சொல்லும். உங்கள் ஊர்த் தரைப்பாலம் மூழ்கிவிட்டது என்று சொல்லாது. அதைச் சொல்வது மைக் ஒன்றுதான்.

அடுத்து, டிஜிட்டல் என்றாலே பூட்டு என்ற குழப்பம். இந்தக் குழப்பத்தின் மேல்தான் மொத்த வாதமும் நிற்கிறது. மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பிசைகிறார்கள். டிஜிட்டல் என்பது குரலை எண்களாக்கி அனுப்புவது. டிரங்கிங் என்பது அலைவரிசைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை. பழைய ஏற்பாட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அலைவரிசை என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுவார்கள், அது சும்மா கிடந்தாலும் இன்னொருவர் தொட முடியாது. டிரங்கிங்கில் அலைவரிசைகள் எல்லாம் பொதுவில் இருக்கும். யார் பேச வந்தாலும் அந்த நொடியில் காலியாக இருப்பதைக் கணினி எடுத்துக் கொடுக்கும். வங்கியில் ஒரே வரிசையில் நின்று, எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே போவது மாதிரி. மூன்றாவதாக வருவதுதான் என்கிரிப்ஷன் எனும் பூட்டு. அது தனியாகச் சேர்ப்பது. சேர்க்காமலும் இருக்கலாம்.

இந்த முறையில் பேசுவோர் டாக் குரூப்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். ரோந்து ஒரு குரூப், போக்குவரத்து ஒரு குரூப், தீயணைப்பு ஒன்று, பேரிடர் மீட்பு ஒன்று, கமாண்டோ நடவடிக்கை ஒன்று. எந்தக் குரூப்புக்குப் பூட்டு, எந்தக் குரூப்புக்கு வேண்டாம் என்பதைத் தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். கமாண்டோ பேச்சைப் பூட்டிவிட்டு, வெள்ள மீட்புப் பேச்சைத் திறந்து வைப்பதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் கிடையாது. பழைய அனலாக் வயர்லெஸ்ஸில் ஒன்று எல்லாமே திறந்திருக்கும், அல்லது எல்லாவற்றையும் மறைக்கப் பெரும்பாடு பட வேண்டும். புதிய முறைதான் வேண்டியதை மட்டும் மறைக்கும் வசதியைத் தருகிறது. அந்த வசதியை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டுவோம் என்பதற்குச் சோம்பல் ஒன்றே காரணமாக இருக்க முடியும்.

அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில் மாநிலம் முழுவதையும் இணைக்கும் இத்தகைய டிரங்கிங் வலையமைப்புகள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. பூட்டாத குரூப்களைக் குடிமக்கள் கேட்பது அங்கே குற்றமில்லை. புயல் நேரத்தில் தீயணைப்பு வண்டி எங்கே போகிறது என்று வீட்டிலிருந்தே கேட்கிறார்கள். அங்கும் பூட்டும் மோகம் பரவியிருக்கிறது என்பது உண்மைதான். நியூயார்க் காவல்துறை 39 கோடி டாலர் செலவில் புதிய வயர்லெஸ் அமைத்து, 2023 ஜூலையில் புரூக்ளினில் தொடங்கி அலைவரிசைகளைப் பூட்டத் தொடங்கியது. நம்மூரில் பூட்டை ஆதரிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். தனிமனிதர் விவரங்களைக் காக்க வேண்டும் என்ற மாநில உத்தரவைக் காட்டி 2021 ஜனவரியில் அந்நகரக் காவல்துறை மைக்கைப் பூட்டியது. 2022 செப்டம்பரில் தானே திறந்துவிட்டது. பெயர், பிறந்த தேதி போன்றவற்றை மைக்கில் சொல்வதைக் குறைத்து, தேவைப்பட்டால் செல்போனிலோ வண்டியில் உள்ள கணினியிலோ பார்த்துக்கொள் என்று காவலர்களுக்குச் சொன்னார்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரும் முகவரியும் ஊர் கேட்க ஒலிபரப்பாகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. சாதி மோதல் நடந்த ஊரில் புகார் கொடுத்தவர் யார் என்பது வெளியே வரவே கூடாது. அதற்குப் பாலோ ஆல்ட்டோ செய்ததே வழி. ஒரு பெயரை மறைப்பதற்காக ஒரு மாவட்டத்தின் வெள்ளச் செய்தியை மறைக்க வேண்டியதில்லை.

தீவிரவாதி கேட்பான் என்ற வாதத்துக்கு வருவோம். மும்பையில் 2008 நவம்பர் 26 அன்று நடந்ததை உடனே எடுத்துக்காட்டுவார்கள். அங்கே தாக்குதல்காரர்களைப் பாகிஸ்தானிலிருந்து இயக்கியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது தொலைக்காட்சி நேரலையை. பேசியது தொலைபேசியில். கசாப் வழக்கில் 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் அந்த நேரலையைத்தான். அதற்குச் சட்டம் கண்ட தீர்வு என்ன? தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும்போது அதை நேரலையில் காட்டக் கூடாது என்று 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொலைக்காட்சிச் செய்தியையே தடை செய்யவில்லை. மைக்குக்கும் அதே அளவுகோல் போதும். நடவடிக்கை நடக்கும் குரூப்பைப் பூட்டுங்கள், மற்றதை விடுங்கள்.

அதே மும்பையில் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் நினைவூட்டுவதில்லை. அன்றிரவு காமா மருத்துவமனை அருகே சுட்டுக் கொல்லப்பட்ட கூடுதல் ஆணையர் அசோக் காம்தேயின் மனைவி வினிதா காம்தே, தன் கணவர் எப்படி இறந்தார் என்பதை அறியத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டார். போராடி, காவல் கட்டுப்பாட்டு அறையின் அன்றைய அழைப்புப் பதிவுகளைப் பெற்றார். அவற்றை வைத்து 2009இல் புத்தகமே வெளியிட்டார். களத்தில் இருந்த அதிகாரிகள் கேட்ட உதவி ஏன் நேரத்துக்கு வரவில்லை என்ற கேள்வி நாட்டின் முன் நின்றது அந்தப் பதிவுகளால்தான். ஒரு காவல் அதிகாரியின் குடும்பத்துக்கே உண்மையைச் சொல்ல அந்தப் பதிவுகள் வேண்டியிருந்தன. மைக்கைத் திறந்து வைப்பது காவலர்களுக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடலையும் வானத்தையும் பாருங்கள். விமானம் தரையிறங்கும்போது விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசுவது உலகம் முழுவதும் பூட்டில்லாத குரலில். 121.5 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து அழைப்புக்கென வைக்கப்பட்டிருக்கிறது. கப்பல்களும் விசைப்படகுகளும் வி.எச்.எஃப் 16ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது கடல் வழக்கம். கடற்கொள்ளையனும் அதைக் கேட்கலாம்தான். அதற்காக யாரும் அதை மூடவில்லை. ஏனென்றால் மூழ்குபவனின் குரலைப் பக்கத்துப் படகு கேட்க வேண்டும். தரையில் மூழ்குபவனுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை?

பூட்டினால் பத்திரம் என்ற நம்பிக்கையும் அடிபட்டுவிட்டது. டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக அமைத்ததும், உலகில் பல நாட்டுக் காவல்துறைகள் நம்பியிருப்பதும் டெட்ரா எனும் டிரங்கிங் முறை. 1990களிலிருந்து அதன் பூட்டுச் சூத்திரங்கள் ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. மிட்நைட் ப்ளூ எனும் நெதர்லாந்து ஆய்வுக் குழு அதை உடைத்து, 2023 ஜூலையில் வெளிப்படுத்தியது. டி.இ.ஏ. 1 என்ற பூட்டின் சாவி 80 பிட் நீளம் என்று சொல்லி விற்கப்பட்டது, உள்ளே அது 32 பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தது. சாதாரணக் கணினியில் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். ஐரோப்பியக் காவல்துறைகளுக்கென்று வேறொரு பூட்டு இருந்தது. பலவீனமானது தனியார் பயன்பாட்டுக்கும் ஏற்றுமதிக்கும். இத்தனை ஆண்டுகள் யார் யார் இதைத் திறந்து கேட்டார்களோ! பணமும் ஆய்வுக்கூடமும் உள்ள எதிரிக்கு இப்படிப்பட்ட பூட்டு பெரிய தடையில்லை. பனமலையில் இருக்கும் ஊராட்சிச் செயலருக்குத்தான் அது முழுத் தடை.

வதந்தி பரவும் என்கிறார்கள். 2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று சந்தேகித்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அந்த வதந்தி போலீஸ் மைக்கிலிருந்து வரவில்லை. வாட்ஸ்அப்பில் வந்தது. அப்படி எந்தக் கடத்தலும் இந்த வட்டாரத்தில் பதிவாகவில்லை என்று அதிகாரபூர்வமான குரல் ஒன்று அன்றாடம் ஊர்க் காதில் விழுந்துகொண்டிருந்தால், அந்தக் கும்பலில் ஒருவராவது கையைத் தடுத்திருக்க வாய்ப்பு உண்டு. நம்பத்தக்க குரல் இல்லாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. மைக்கைப் பூட்டினாலும் அரைகுறை ஆடியோக்கள் வாட்ஸ்அப்பில் வரத்தான் செய்கின்றன. ஓப்பன் மைக்கில் மேலதிகாரி திட்டியது, காவலர் ஒருவர் பணிச்சுமை தாங்காமல் புலம்பியது என்று எத்தனை துணுக்குகள் சுற்றியிருக்கின்றன. முழுமையாகக் கேட்க வழியில்லாததால் அந்தத் துணுக்குக்கே இவ்வளவு விலை.

பூட்டு சில சமயம் மீட்பவர்களையே தனித்தனியாகப் பிரித்துவிடும். எங்கள் பக்கத்தில் இதன் ஆபத்து அதிகம். விழுப்புரமும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரே சாலையில் போகும்போதே அரசு மாறி மாறி வரும். புயலுக்கு அந்த எல்லை தெரியாது. இரண்டு அரசுகளின் மைக்கும் வெவ்வேறு சாவியில் பூட்டப்பட்டிருந்தால், இந்தக் கரையில் நிற்கும் படகுக்கு அந்தக் கரையின் கூக்குரல் கேட்காது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கோபுரம் சரியப் போகிறது என்று போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து வந்த எச்சரிக்கை தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

தன்னார்வலர்களின் நிலையும் இதுதான். 2004 சுனாமியில் போர்ட் பிளேர் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டபோது, ஹாம் எனும் அமெச்சூர் வானொலிப் பயணமாக அங்கே போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் பலருடைய செய்திகளைத் பெருநிலப்பரப்பில் உள்ள உறவினர்களுக்குக் கடத்தினார்கள். 2015 சென்னை வெள்ளத்திலும் ஹாம் வானொலி இயக்குபவர்கள் களத்தில் நின்றார்கள். ஆனால் தேர்வெழுதி உரிமம் பெற்ற இவர்களுக்கும் தங்களுக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில்தான் இடம். மீட்புப் படை எங்கே திணறுகிறது என்று கேட்க இவர்களுக்கும் வழியில்லை.

இன்றைய சட்டம் கடுமையானது. 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டத்தின் நிழலில், வீட்டு வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறை நாம். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ அனுமதியின்றி இடைமறித்துக் கேட்டால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதை மீறுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். திருத்துங்கள் என்று கேட்கிறேன். பேரிடர், தீயணைப்பு, போக்குவரத்து டாக் குரூப்களைப் பொதுமக்கள் கேட்கலாம் என்று அரசே அறிவித்துவிட்டால் அதில் இடைமறிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பூட்டிய குரூப்களின் பதிவையும் அழிக்காமல் வைக்க வேண்டும். சாத்தான்குளத்தில் 2020இல் தந்தையும் மகனும் காவலில் சிதைக்கப்பட்டபோது, காவல் நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. படத்துக்குச் சொன்னது குரலுக்கும் பொருந்தும்.

2018இல் தமிழகக் காவல்துறைக்கு 83 கோடி ரூபாய்க்கு மேல் டிஜிட்டல் வயர்லெஸ் வாங்கும் ஒப்பந்தத்தைப் பற்றி உள்துறைச் செயலரே கேள்வி எழுப்பினார், விவகாரம் லஞ்ச ஒழிப்புத் துறை வரை போனது. அத்தனை பேச்சிலும் விலையைப் பற்றி விவாதித்தோம். வாங்கும் கருவியில் மக்களுக்குக் கேட்க ஒரு வழி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனி கேட்க வேண்டும். ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் இருப்பவர்கள் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். 2024 டிசம்பர் 1 இரவு சாத்தனூர் அணை பற்றி மைக்கில் என்ன பேசப்பட்டது, அந்தப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பேரிடர் டாக் குரூப் மக்களுக்குத் திறந்திருக்கும் என்ற ஒரு வரி அடுத்த வயர்லெஸ் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கேளுங்கள்.